1925 முதல் 1985 வரை: ஒரு முகம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று மேடையில் எப்படிக் காட்டுவது?

மேடைவிளக்கு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நாடகக் குழுவில் ஒப்பனைப் பொறுப்பு என்னுடையது. இப்போது ஒத்திகையில் இருக்கும் நாடகம், மேலைநாட்டுக் குடும்பம் ஒன்றில் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்களின் கதை. 1925, 1943, 1966, 1985 ஆகிய ஆண்டுகளில் நான்கு காட்சிகளாக நடக்கிறது. முதல் காட்சியில் 20 வயதில் வரும் பெண், மூன்றாம் காட்சியில் 61 வயதுப் பாட்டியாக நிற்கிறாள். அவளுடைய மகளுக்கு 1943-இல் 17 வயது. பேத்திக்கு 1966-இல் 18 வயது. காலத்தைச் சொல்ல அறிவிப்புப் பலகை எதுவும் வேண்டாம், திரை விலகியதும் முகங்களைப் பார்த்தே ஆண்டு விளங்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். உடைகளும் தலையலங்காரமும் முடிவாகிவிட்டன. முகம்தான் பிடிபடவில்லை.

சென்ற வாரம் 1925-ஆம் ஆண்டுக் காட்சிக்காக அக்காலப் புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இளம் நடிகை ஒருவருக்கு ஒப்பனை செய்தேன். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கரிய வளையம், உதட்டில் ஏறக்குறையக் கறுப்பு. புகைப்படத்தில் இருந்தது அப்படியே முகத்தில் வந்துவிட்டது. ஆனால் மேடை விளக்கில் நிறுத்திப் பார்த்தபோது, துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்தவரைப் போலத் தெரிந்தார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அவர் என் பக்கம் திரும்பிய விதம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். அக்காலத்துப் பெண்கள் உண்மையிலேயே இப்படிக் கறுத்த உதடுகளோடுதான் வெளியில் நடமாடினார்களா? அடுத்தது, பத்தாண்டுக்கு ஒரு முறை முகம் மாறிக்கொண்டே வந்ததற்குக் காரணம் வெறும் ரசனைதானா? அறுபதுகளின் முகத்தைப் படிப்படியாக வரைந்துகாட்டும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. ஏன் அப்படி வரைந்தார்கள் என்பதை அவற்றில் எதுவும் சொல்வதில்லை. காரணம் தெரிந்தால் எதை வரையலாம், எதை விட்டுவிடலாம் என்று நானே முடிவு செய்துகொள்வேன்.

நிழற்படத்தாள் பதிலளிக்கிறார்:

உங்கள் கை தவறு செய்யவில்லை. நீங்கள் நம்பிய புகைப்படம்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அக்காலத்தில் பெரும்பான்மையாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. சிவப்பு ஒளி அதில் பதியவே பதியாது என்பதால் செக்கச்செவேல் என்ற உதடும் படத்தில் கறுப்பாகத்தான் விழும். கன்னத்தின் இயல்பான சிவப்பும் கறையாக விழும். நீலக் கண்களோ பாவை மட்டும் தெரியும்படி வெளிறிப் போகும். அந்தப் பெண்கள் பூசியிருந்தது சிவப்புதான், அதுவும் ஆழ்ந்த சிவப்பு. ஆகவே கறுப்பை முழுவதும் துடைத்துவிட்டுக் கருஞ்சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

உதட்டின் வடிவத்தை மட்டும் படத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள், அது உண்மையானது. மேலுதட்டின் நடுவில் இரண்டு சிறு மேடுகள், கீழுதட்டில் ஒன்று, வாயோரங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். இதன் தோற்றத்தைப் பற்றி ஒப்பனை வரலாற்றில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. போலந்தில் பிறந்து 1904-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மேக்ஸ் ஃபேக்டர், ஹாலிவுட் நடிகையருக்கு ஒப்பனை செய்தபோது, படப்பிடிப்பு விளக்குகளின் வெப்பத்தில் உதட்டுப் பூச்சு இளகி வாயோரம் வழிவதைக் கண்டு, விரலால் நடுப்பகுதியில் மட்டும் அழுத்தி வைத்தார் என்பார்கள். விளக்கின் வெப்பத்துக்காகச் செய்த ஏற்பாட்டை, அந்த விளக்கையே கண்டிராத பெண்கள் தங்கள் கண்ணாடி முன் அப்படியே வரைந்துகொண்டார்கள். திரையில் வந்த முகத்தைப் பார்த்து வீட்டு முகம் மாறுவது அப்போதே தொடங்கிவிட்டது.

1920களின் பிற்பகுதியில் எல்லா நிறங்களையும் உணரும் பேன்குரோமாட்டிக் படச்சுருள் திரைப்படங்களுக்குப் பரவலாக வந்தது. அதன் பிறகு முப்பதுகளில் உதடு மெல்ல வாயோரம் வரை நீண்டது. அடுத்து வண்ணப் படம் வந்தபோது, கிரீஸ் பெயிண்ட் என்ற பழைய எண்ணெய்ப் பசையுள்ள முகப்பூச்சு விளக்கொளியில் பளபளத்துத் தோலின் நிறத்தைக் கெடுத்தது. அதற்கு மாற்றாக, ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசும்படி மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் உருவாக்கி, 1938-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த முகப்பூச்சுதான் பேன்கேக். மேடைக்காரர்களாகிய நாம் அன்றாடம் சொல்லும் அந்தச் சொல் ஒரு நிறுவனம் தன் சரக்குக்கு இட்ட பெயர் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

கண்ணைச் சுற்றிய கரிய மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1922-இல் எகிப்தில் தூதன்காமுன் மன்னரின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, எகிப்திய அலங்காரங்களின்மேல் மேலைநாடுகளில் பெருமோகம் எழுந்தது. மையிட்ட கண்ணுக்கு அந்த மோகம் பெரிதும் துணைநின்றது. எனினும் அது கூர்மையான கோடாக இராமல் சற்றே கலைந்த புகைபோல இருக்கும். புருவம் நூலிழைபோல மெலிந்து, வெளிமுனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவை விட்டுவிடாதீர்கள். 1925-ஆம் ஆண்டு முகத்தின் ஏக்கமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சாயமும் சேர்மமும் பதிலளிக்கிறார்:

மேலே எழுதிய நண்பர் ஒளிப்படக் கருவியின் பக்கத்திலிருந்து பேசினார். நான் வேதியியல் படித்தவள் ஆதலால் குப்பியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு பத்தாண்டின் முகத்தில் எது தூக்கலாக நிற்கிறது என்று பார்த்தால், அப்போதுதான் எளிதாகக் கைக்கு வந்த பொருள் எதுவோ அது பெரும்பாலும் அங்கே இருக்கும். திருகினால் மேலெழும் லிப்ஸ்டிக் உறைக்கு அமெரிக்காவில் 1923-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்கு முன் சாயம் சிமிழிலோ காகிதச் சுருளிலோ இருந்தது. விரலால் தொட்டுப் பூச வேண்டும், பிறகு கையைத் துடைக்க வேண்டும். உறை வந்த பிறகு அது கைப்பையில் சென்றது, பொது இடத்தில் வெளியே எடுக்கப்பட்டது. உங்கள் முதல் காட்சியில் அந்தப் பெண் எல்லோரும் பார்க்க லிப்ஸ்டிக்கைத் திருகிப் பூசிக்கொண்டால், அந்த ஒரு செய்கையே 1925 என்று சொல்லிவிடும். அவளுடைய தாய் அதைச் செய்திருக்க மாட்டாள். ஏனென்றால் அந்தத் தலைமுறையில் வெளிப்படையான முகப்பூச்சு நடிகையருக்கும் விலைமகளிருக்கும் உரியதாகக் கருதப்பட்டது.

மஸ்காரா அக்காலத்தில் குழாயில் வரவில்லை. சிறு பெட்டிக்குள் கரிய கட்டி ஒன்றும், பல்துலக்கியின் குழந்தைபோல ஒரு குட்டித் தூரிகையும் இருக்கும். கட்டி என்பது சோப்பும் நிறமியும் கலந்தது. தூரிகையை நனைத்துக் கட்டியின்மேல் தேய்த்து, குழம்பாக்கி இமைமயிரில் இழுக்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் எச்சில்தான். ஒரு துளி நீர் கூடினால் கன்னத்தில் வழியும், குறைந்தால் மயிர்கள் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இருபதுகளின் இமைமயிர் இன்றுபோலத் தனித்தனியாகப் பிரிந்து நிற்காது; சற்றே திரண்டிருந்தால்தான் உண்மையாகத் தெரியும்.

இந்தக் கதையில் வேதனையான ஓர் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1933-ஐ ஒட்டி அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்கப்பட்டது. பாராஃபினிலின்டையமின் என்ற வேதிப்பொருள் கலந்த அந்தச் சாயத்தால் பெண்களுக்குக் கண்கள் வெந்து புண்ணாயின; பார்வையிழப்பும் உயிரிழப்பும் நேர்ந்தன. 1906-இல் வந்த உணவு, மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் அழகுப் பொருள்கள் வராததால் அரசால் அதை உடனே தடுக்க முடியவில்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவற்றைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. முப்பதுகளின் அழகிய கண்களை வியந்து எழுதுவோர் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1943-க்கு வருவோம். போர்க்காலம் என்பதால் முகம் வெறுமையாக இருந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உதட்டைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் 1942-இல் அழகுப் பொருள் உற்பத்திக்கு வரம்பு விதித்தது. சில மாதங்களிலேயே அது தளர்த்தப்பட்டது. உலோகம் போருக்குத் தேவைப்பட்டதால் லிப்ஸ்டிக் உறைகள் பிளாஸ்டிக்கிலும் அட்டையிலும் வந்தன. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் மகளிர் பிரிவுக்கென, அவர்களுடைய சீருடையில் இருந்த சிவப்புக்கு இணையாக எலிசபெத் ஆர்டன் நிறுவனம் தனியாக ஒரு சிவப்பையே உருவாக்கியது. எனவே 17 வயது மகளுக்கு முழு உதடும் நிறையும்படி சிவப்பு, அதற்கேற்ற நகப்பூச்சு, புருவம் இயல்பான பருமனில். கண்ணில் ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். காலுறைக்கான நைலான் பாராசூட்டுக்குப் போய்விட்டதால் பெண்கள் காலில் நிறத்தைப் பூசி, காலுறையின் தையல் தெரிவதுபோலக் கெண்டைக்காலின் பின்புறம் புருவப் பென்சிலால் நேர்கோடு இழுத்துக்கொண்டார்கள். காட்சி தொடங்கும்போது மகள் நாற்காலியில் ஏறி நிற்க, தாய் குனிந்து அந்தக் கோட்டை வரைந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று இயக்குநரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நாடகத்தில் ஐம்பதுகள் இல்லை, ஆனாலும் ஒருவருடைய பெயரைச் சொல்லிவிடுகிறேன். கோப்பையிலும் கன்னத்திலும் ஒட்டாத லிப்ஸ்டிக்கை 1950-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹேசல் பிஷப் என்ற வேதியியலாளர். போர்க்காலத்தில் விமான எரிபொருள் ஆய்வில் பணியாற்றியவர். தம் வீட்டுச் சமையலறையில் திரும்பத் திரும்பக் கலந்து பார்த்து அதை உருவாக்கினார்.

கண்ணாடிமுன் பதிலளிக்கிறார்:

இருபதுகளுக்குப் பின் உதடும் கண்ணும் முகத்தில் ஒரே நேரத்தில் பெரும்பாலும் ஆட்சி செய்ததில்லை என்பது நான் கவனித்த ஒன்று. 1943-இல் உதடு பேசியது, கண் அடங்கியிருந்தது. 1966-இல் அது தலைகீழாகிவிட்டது. குழாயும் தூரிகைத் தண்டும் ஒன்றாக அமைந்த மஸ்காரா 1950களின் இறுதியில் வந்தபின் இமைமயிரைத் தடிக்கச் செய்வது நொடிப்பொழுது வேலையாயிற்று. 1966-ஆம் ஆண்டின் முகம் என்று லண்டன் நாளிதழ் ஒன்று அறிவித்த மாடல் ட்விக்கிக்கு அப்போது 16 வயது. மேலிமையில் ஒட்டுமயிர், இமைமடிப்பில் கரிய வளைகோடு, கீழிமைக்குக் கீழே ஒவ்வொன்றாக வரைந்த மயிர்கள், உதடோ தோலோடு தோலாக வெளிறியிருக்கும். ஆடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட் தம் ஒப்பனைப் பொருள்களை விற்கத் தொடங்கியதும் அதே 1966-இல்தான். பதினெட்டு வயதுப் பேத்திக்கு இதுவே சரி. கீழிமைக் கோடுகளைச் சீராக வரையாமல், இரண்டு நீளம், ஒன்று குட்டை என்று மாற்றி மாற்றி வரையுங்கள். சீராக இருந்தால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கறையாகத் தெரியும்.

1985-இல் கண்ணும் கன்னமும் சேர்ந்தே உரத்துப் பேசின என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இமையில் நீலமோ ஊதாவோ புருவம் வரை ஏறும், ரூஜ் எனும் கன்னச் சிவப்பு கன்ன எலும்பிலிருந்து நெற்றிப்பொட்டு வரை சாய்வாக ஓடும், புருவம் அடர்ந்திருக்கும். மைக்கா துகளின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய முத்தொளி நிறமிகள் 1960களில் உருவாகிப் பின்னர் எங்கும் பரவியதால், அந்தப் பளபளப்பு எல்லோருக்கும் கிட்டியது.

இடையில் 1968-ஐ மறந்துவிடாதீர்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அட்லான்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டியை எதிர்த்துத் திரண்ட பெண்கள், ஒட்டு இமைமயிரையும் ஒப்பனைப் பொருள்களையும் குப்பைத் தொட்டியில் வீசினார்கள். 1966-இல் 18 வயதாக இருந்த உங்கள் பேத்தி அதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பாள். அதன் பின் எழுபதுகளில் பூசியும் பூசாததுபோன்ற முகம் பரவியது. 1985-இல் 37 வயதில் வரும்போது அவள் எந்தப் பக்கம் நின்றாள் என்பதை முகமே சொல்லட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே பேசிய பத்தாண்டுகள் எல்லாம் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்து விற்கப்பட்ட பொருள்களின் வரலாறு. கறுத்த தோலுடைய பெண்களுக்குத் தங்கள் நிறத்தில் ஃபவுண்டேஷன் எனும் அடிப்பூச்சு கிடைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்ற நவநாகரிக அணிவகுப்பில் கறுப்பின மாடல்கள் பல நிறங்களைத் தாங்களே குழைத்துப் பூசிக்கொள்வதைக் கண்ட, அந்த அணிவகுப்பை நடத்திய யூனிஸ் ஜான்சன், 1973-இல் ஃபேஷன் ஃபேர் என்ற ஒப்பனைப் பொருள் வரிசையைத் தொடங்க நேர்ந்தது. 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனை நிறுவனம் 40 ஃபவுண்டேஷன் நிறங்களோடு வந்தபோது அது பெருஞ்செய்தி ஆயிற்று என்றால், அதுவரை எத்தனை பேர் விடுபட்டிருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் நடிகையரின் தோல் எந்த நிறமாயினும், காலத்தைக் காட்டுவதற்காக அதை வெளுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். காலம் கோட்டிலும் வடிவத்திலும் இருக்கிறது.

திரைமறைவு பதிலளிக்கிறார்:

மூவரும் சொன்னதில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் இந்த அறிவுரைகளை அப்படியே பின்பற்றினால் 1966-ஆம் ஆண்டுக் காட்சி பொய்யாகிவிடும். ஓர் ஆண்டுக்கு ஒரு முகம் என்று எண்ணுவது பத்திரிகை அட்டைகளைப் பார்த்து வரும் பழக்கம். ஓர் அறைக்குள் மூன்று பெண்கள் இருந்தால் அங்கே மூன்று காலங்கள் இருக்கும். பெண்கள் பலரும் தங்கள் இருபதுகளில் கற்றுக்கொண்ட முகத்தைக் கடைசிவரை கைவிடுவதில்லை. கண்ணாடியில் தான் அழகாக இருந்ததாக நினைவில் நிற்கும் முகம் அது. கையும் அந்தக் கோட்டுக்குப் பழகிவிடுகிறது.

ஆகவே 1966-இல் பாட்டிக்கு வெளிறிய உதடு வேண்டாம். அவள் கருஞ்சிவப்பையே பூசியிருக்கட்டும். ஆனால் வயதால் உதடு மெலிந்திருக்கும், வரிகளில் சாயம் சற்றே கசிந்திருக்கும். புருவத்தில் அவளுக்கு வேறு வழியே இல்லை. ஆண்டுக்கணக்கில் பிடுங்கினால் மயிர்க்கால்கள் பழுதடைந்து மீண்டும் முளைக்காமல் போவதுண்டு. 1925-இல் நூலிழையாக்கிய புருவத்தை 1943-இல் அடர்த்தியாக்க அவள் விரும்பியிருந்தாலும் முடிந்திருக்காது, பென்சிலால்தான் வரைந்திருப்பாள். நாற்பது வயது மகளோ போர்க்காலத்தின் முழுச் சிவப்பு உதட்டை வைத்துக்கொண்டு, கண்ணில் மட்டும் புதிதாக ஒரு கோடு இழுத்துப் பார்த்திருப்பாள். அவர்களுக்கு நடுவே பேத்தியின் வெளிறிய உதடும் பெரிய கண்களும் நின்றால், ஒரு வசனம்கூடத் தேவையில்லாமல் மூன்று பேரின் இளமையும் மேடையில் தெரியும்.

மேடைவிளக்கு எழுதுகிறார்:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஒத்திகையில் கறுப்பை எடுத்துவிட்டுக் கருஞ்சிவப்பை, உதட்டின் நடுவில் மட்டும், விரலால் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சை நீக்கி அவருடைய தோலின் நிறத்திலேயே பவுடர் இட்டேன். அதே நடிகை கண்ணாடியைப் பார்த்து, யாரும் சொல்லாமலேயே தோளைச் சற்றுத் தளர்த்தித் தலையைச் சாய்த்து நின்றார். முகம் சரியாக அமைந்தால் உடல் தானாக அதற்கேற்ப நிற்கும் என்பதை நேற்றுக் கண்ணாரக் கண்டேன். நாற்காலிக் காட்சியை இயக்குநர் ஏற்றுக்கொண்டுவிட்டார். காட்சியே அந்தக் கோட்டில்தான் தொடங்கப்போகிறது.

1966-ஆம் ஆண்டுப் பாட்டியைப் பற்றித் திரைமறைவு எழுதியதைக் குழுவினர் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். இனி எஞ்சியிருப்பது ஒரே சிக்கல். பாட்டியாக நடிப்பவருக்கு இயல்பிலேயே அடர்ந்த புருவம். மூன்று நாள் நாடகத்துக்காக அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை; மீண்டும் முளைக்காமல் போகலாம் என்று படித்த பிறகு கேட்கவே கூசுகிறது. அதை எப்படி மறைப்பது?

திரைமறைவு பதிலளிக்கிறார்:

கேட்காதீர்கள், தேவையும் இல்லை. கட்டிச் சோப்பைச் சிறிது நனைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்து, புருவ மயிரை மேல்நோக்கிச் சீவித் தோலோடு படிய வையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் இரண்டாம் முறையும், தேவைப்பட்டால் மூன்றாம் முறையும் அப்படியே செய்யுங்கள். அவசரப்பட்டால் உரிந்துவிடும். அதன்மேல் பவுடரை அழுத்தி ஒற்றி, தோலின் நிறத்தைவிடச் சற்றுச் செம்மஞ்சள் கலந்த பூச்சை மெல்லியதாக வையுங்கள். இல்லையென்றால் மயிரின் கருமை சாம்பல் நிறமாக மேலே தெரியும். பிறகு ஃபவுண்டேஷன், மறுபடியும் பவுடர். புதிய புருவத்தை அவருடைய உண்மையான புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, வெளிமுனையைக் கீழே சரிய விடுங்கள். வியர்த்தால் சோப்பு இளகிக் கண்ணில் இறங்கி எரியும் என்பதால், காட்சிக்கு முன் நெற்றியை ஒற்றிவிட ஓர் ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்துங்கள். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் புருவத்தின்மேல் வைத்திருந்து, மயிர் வளரும் திசையிலேயே துடையுங்கள்.